வழுக்கி விழுந்த இடம்

அநியாயம் நடந்தது என் அண்ணன் இசக்கிராஜாவுக்கு. செய்தது எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன். ஒரு வியாழக்கிழமை மதியம் விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். கேஸ் இல்லை, கைது இல்லை. காகிதத்தில் பார்த்தால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் அக்கா, நீங்கள் சிரித்தீர்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. முன் சீட்டுக்காரர்தான் அந்த வீடியோவைச் சத்தமாக வைத்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று பேர். ஒருத்தனுக்குக் கையில் கட்டு, ஒருத்தனுக்குக் காலில், மூன்றாவது ஆளுக்கு இரண்டிலும். ‘கழிவறையில் வழுக்கி விழுந்ததில்’ என்று ஒருவன் செய்தி வாசிக்கிற குரலில் சொல்ல, பின்னாலேயே டொய்ங் என்று ஒரு சத்தம். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். கண்டக்டர் சிரித்தார். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். ஹாஸ்டல் மெஸ்ஸில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்து, சாம்பார் மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்திருக்கிறேன். ஆனால் அது வேறு. அவன் செயின் பறித்த நிஜத் திருடன்.

என்ன? நிஜத் திருடன் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? டி.வி.யில் சொன்னார்களே. சரி, அதை விடுங்கள். நான் பேசுவது என் அண்ணனைப் பற்றி.

பஸ்ஸும் இப்போதைக்கு நகராது. யாரோ பெரிய மனுஷர் வருகிறாராம், அவருடைய கார்கள் போகிறவரை ஒரு வண்டியும் அசையக் கூடாதாம், ஆட்கள் இறங்கவும் கூடாதாம். அந்தப் போலீஸ்காரரைப் பாருங்கள். நம்மையும் நிறுத்தி வைத்துக்கொண்டு தானும் நிற்கிறார். காலையில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். தண்ணீர் குடித்தாரா, எங்கேயாவது ஒதுங்கிவிட்டு வந்தாரா என்று ஒருத்தர் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார்கள். அதைக்கூட என் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். போலீஸை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை சண்டையும்.

நான் எம்.ஏ. பொது நிர்வாகம் படிக்கிறேன், இரண்டாம் வருஷம். நாளைக்கு மதுரையில் ஒரு கருத்தரங்கு. ‘காவல் துறையில் ஆள் தேர்வும் பொறுப்பேற்பும்.’ கட்டுரை இந்த ஃபைலில் இருக்கிறது. அண்ணனுடைய விஷயம்தான் அதற்கு உயிர். பெயர் போடவில்லை, ‘நபர் அ’ என்று எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் போடவில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ‘ஓ, அந்த ஊரா, அங்கே அப்படித்தான்’ என்று நிம்மதியாகிவிடுவீர்கள். நிம்மதியாக விடுவதாக எனக்கு உத்தேசமில்லை.

அவனுக்கு எப்போதுமே போலீஸ் வேலைதான். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு பைக் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே படித்தான். முதல் தடவை எழுத்துத் தேர்வில் போயிற்று. இரண்டாம் தடவை எழுத்தில் நல்ல மார்க். அடுத்தது ஓட்டம், அப்புறம் கயிறு. கயிறு என்றால் தெரியுமா? மேலே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்து ஐந்து மீட்டர் ஏற வேண்டும். எங்கள் அப்பா லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். லோடு கட்டுகிற பழைய கயிற்றை அவர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அதைப் பள்ளிக்கூட மைதானத்துப் புளியமரத்தில் கட்டி, தினமும் காலையில் ஏறுவான். காலைப் பயன்படுத்தவே மாட்டான். கை மட்டும். சரசரவென்று போய் மேலே உட்கார்ந்துகொண்டு, “ஏட்டி மதி, இங்கருந்து பாத்தா உன் மண்டையில எண்ணெய் இல்லன்னு தெரியுது” என்பான்.

அந்த அண்ணனைத்தான் சர்வீஸ் சென்டர் வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பைபாஸில் யாரோ சிவப்பு பைக்கில் வந்து ஒரு அம்மாவின் செல்போனைப் பறித்துவிட்டான். அண்ணனுடைய பைக் சிவப்பு. அவ்வளவுதான் காரணம். அந்த சர்வீஸ் சென்டருக்குள் அன்றைக்கு ஏழு சிவப்பு பைக் நின்றது, அது வேறு கதை.

அம்மா இரண்டு நாளும் ஸ்டேஷனுக்கு எதிரே பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றாள். உள்ளே விடவில்லை. “விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்மா, நீங்க போங்க” என்பார்களாம். நான் அப்போது ஹாஸ்டலில். சனிக்கிழமை மத்தியானம் நான் வந்து சேர்ந்தபோது ஸ்டேஷனிலிருந்து போன். ரைட்டர் பேசினார். ஸ்டேஷனில் எழுத்து வேலை எல்லாம் பார்க்கிற ஏட்டு அவர், ஊரே அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடும். “ஒரு கைலி எடுத்துட்டு வாங்கம்மா” என்றார். கைலி எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. கையில் கட்டுப் போட்டால் பேண்ட்டை இழுத்து மாட்ட முடியாதல்லவா, அதற்காக இருக்கும் என்று திரும்பி வருகிறபோது நான்தான் அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன்.

நாங்கள் போவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்துவிட்டார்கள். ரைட்டர் ஒரு தாளைக் காட்டினார். ‘விசாரணைக்கு வந்திருந்தபோது காவல் நிலையக் கழிவறையில் எதிர்பாராதவிதமாக வழுக்கி விழுந்ததில் எனக்குக் காயம் ஏற்பட்டது. இதற்குக் காவலர்கள் யாரும் காரணமில்லை. இதை என் சுயநினைவுடன் எழுதிக்கொடுக்கிறேன்.’ எழுத்து ரைட்டருடையது. கீழே அண்ணன் கையெழுத்து. அக்கா, இதைக் கவனியுங்கள். உடைந்தது இடது கை. கையெழுத்துப் போட வலது கை வேண்டுமே. அதுவரைக்கும் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். இவர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அண்ணன் கைலி கட்டி வெளியே வந்தான். பழைய பேண்ட்டைச் சுருட்டி ஒரு கேரி பேக்கில் வைத்திருந்தான். அம்மா வாங்கப் போனாள், கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டான். முக்கால் மணி நேரம் தண்ணீர் விழுகிற சத்தம். “கட்டு நனைஞ்சிரும்யா, கதவத் திற, அம்மா தொவைச்சுத் தாரேன்” என்று அம்மா வெளியே நின்று கெஞ்சினாள். திறக்கவில்லை. ஒற்றைக் கையால் அவனே துவைத்து, அவனே மாடியில் காயப்போட்டு, மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ எறிந்துவிட்டு வந்தான். ரோஷக்காரன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், யாரும் தனக்கு வேலை செய்யக் கூடாது.

என்ன நடந்தது என்று கேட்டீர்களா என்கிறீர்கள். கேட்கவில்லை. அது தெரிந்தேதான் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது இரண்டாவது தடவை காயப்படுத்துவது. இதை நான் கட்டுரையில் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும், இல்லையா? தப்பு செய்தவர்களிடம்.

ஊர் கேட்டது. டீக்கடையில், “என்ன இசக்கி, எந்தப் பக்கம் வழுக்குச்சு? பாசியா, சோப்பா?” என்று ஒருத்தர். “போலீஸாகப் போறேன்னான், போலீஸ் ஸ்டேஷன்ல போய் விழுந்துட்டு வந்திருக்கான்” என்று இன்னொருத்தர். அவனும் சேர்ந்து சிரித்தான். நான் அந்தக் கடையில் போய்ச் சண்டை போட்டேன். சட்டம், உரிமை, எல்லாம் பேசினேன். அதற்கப்புறம் அவன் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டான். நல்லதுதானே.

மூன்று மாதம் கழித்து உடல்தகுதித் தேர்வு. கட்டு பிரித்தாகிவிட்டது, ஆனால் மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. ஓட்டத்தில் முன்னால் வந்தான். கயிற்றில் மூன்று மீட்டர் ஏறியிருக்கிறான், இடது கை விட்டுவிட்டது. அவன் வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: “வழுக்கிருச்சும்மா.”

அந்த வார்த்தை. அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்களே சொல்லுங்கள் அக்கா. கயிற்றில் எத்தனை மீட்டர் ஏறுவான் என்று டேப் வைத்து அளக்கிறார்கள். கோபம் வந்தால் எத்தனை நிமிஷத்தில் இறங்குவான் என்று அளக்கிறார்களா? மார்பு எத்தனை சென்டிமீட்டர் விரிகிறது என்று பார்க்கிறார்கள். கட்டிப்போட்டவனை அடிக்க மாட்டான் என்று எதை வைத்துப் பார்க்கிறார்கள்? வங்கியில் ஒரு கிளார்க்கை எடுக்க ஆயிரத்தெட்டு சோதனை வைக்கிற நாடு, கையில் லத்தி கொடுக்கிற ஆளுக்கு அவன் மனசு எப்படிப்பட்டது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிப் பார்க்காதா? சரி, எடுத்துவிட்டார்கள். தப்பு செய்கிறான். யாரிடம் போவது? போலீஸ் மேல் புகார் என்றால் பக்கத்து ஸ்டேஷன் போலீஸ் வந்து விசாரிக்கிறார். கேமரா இருக்கிறதே என்றால், குறிப்பாக அந்த மூன்று நாளும் கேமரா பழுது. அதை மட்டும் தனியாக ஒரு மனுவில் கேட்டு நான் வாங்கிய பதில் இந்த ஃபைலில் இருக்கிறது. ‘தொழில்நுட்பக் கோளாறு.’ வியாழக்கிழமை வந்து சனிக்கிழமை போகிற கோளாறு.

ஆமாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போட்டேன். ஏழு கேள்வி. நாலாவது கேள்வி: கடந்த மூன்று ஆண்டுகளில் மேற்படி காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்த விசாரணை நபர்கள் எத்தனை பேர்? ஐந்தாவது: அதே கழிவறையைப் பயன்படுத்தும் காவலர்களில் வழுக்கி விழுந்தவர்கள் எத்தனை பேர்? ஆறாவது: ஒருவரும் இல்லையெனில், காவலர்கள் வழுக்காமல் நடக்கும் முறையை விசாரணைக்கு வருவோருக்கும் கற்றுத்தர இயலுமா? ஏழாவது: அக்கழிவறையில் வழுக்காமலிருக்க, தரை ஓடு மாற்றுதல், பாசி நீக்குதல் உள்ளிட்ட என்னென்ன நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன? எங்கள் பேராசிரியை ஆறாவது கேள்வியை வாசித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். வகுப்பே கைதட்டியது.

ஒரே ஒரு சின்ன விஷயம். ஹாஸ்டலுக்கு வருகிற பதிவுத் தபால் ஒழுங்காகக் கைக்கு வராது. அதனால் வீட்டு முகவரி கொடுத்தேன். எங்கள் தெரு போஸ்ட்மேனுக்கு என் பெயர் தெரியாது, அண்ணனைத்தான் தெரியும். அதனால் என் பெயருக்குக் கீழே ‘மே/பா. சு. இசக்கிராஜா’ என்று எழுதினேன். எல்லோரும் எழுதுவதுதானே.

பத்தாம் நாள் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். “இங்க யாரு இசக்கிராஜா? மனு போட்டிருக்கீங்களாமே.” அப்புறம் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முதலாளியிடமே பேசிவிட்டுப் போனார்கள். நான் அண்ணனிடம் சொன்னேன்: “பாத்தியா, பயந்துட்டாங்க. பயப்படாதவன் எதுக்குத் தேடி வாரான்?” மூன்றாவது தடவைக்கு அப்புறம் முதலாளி, “கொஞ்ச நாள் வீட்ல இருப்பா, பெறகு கூப்பிடுதேன்” என்றிருக்கிறார். இன்னும் கூப்பிடவில்லை. அவரும் ஒரு கோழை. அதையும் கட்டுரையில் எழுதலாம் என்று பார்த்தேன், பக்கம் போதவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் ரைட்டர் வீட்டுக்கே வந்தார். யூனிஃபார்ம் இல்லாமல், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. அம்மா பதறிப்போய்ச் சேர் எடுத்துப் போட்டாள். கெட்ட மனுஷர் மாதிரிப் பேசமாட்டார், அதுதான் எரிச்சலே.

“தங்கச்சி நல்லா எழுதியிருக்கீங்க. எங்க இன்ஸ்பெக்டரே ஆறாவது கேள்விய வாசிச்சிட்டு யாருய்யா இந்தப் பொண்ணுன்னு கேட்டாரு” என்றார்.

“பதில் எழுதச் சொல்லுங்க சார்” என்றேன்.

“எழுதுவோம், எழுதுவோம்.” அம்மா பக்கம் திரும்பினார். “எக்கா, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். தம்பி மேல கேஸே போடாம விட்டிருக்கோம். அது எவ்வளவு பெரிய உதவின்னு தங்கச்சிக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரியும். அந்த செல்போன் ஃபைல் இன்னும் மூடல. ஆள் கிடைக்கல. அடுத்த வருஷம் தம்பி மறுபடி செலக்‌ஷனுக்குப் போவான். வெரிஃபிகேஷனுக்கு ஃபைல் எங்ககிட்டதான் வரும். கேஸ் இருக்கா, இல்லையா? நாங்கதான எழுதணும்.”

“மிரட்டுறீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. விவரம் சொல்லுதேன்.” ஆரஞ்சுப் பையை அண்ணன் பக்கம் தள்ளிவைத்தார். “கை எப்படிடே இருக்கு?”

“நல்லாருக்கு சார்” என்றான் அண்ணன். சார்! எனக்கு அந்தப் பையைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும்போல் இருந்தது. அண்ணன் ஒரு பழத்தை உரித்து அம்மாவுக்குக் கொடுத்தான்.

இப்போது புரிகிறதா அவன் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று? மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. புகாரை நானே எழுதி வைத்துவிட்டேன், இதோ, அவன் கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் காலி. போட்டால் அந்த செல்போன் ஃபைல் திறக்கும், அதில் அவன் பெயர் ஏறும். கேஸ் இருக்கிறவனை போலீஸில் எடுக்க மாட்டார்கள். அவன் வயசுக்கு அடுத்த தடவைதான் கடைசி. போடாவிட்டால் அந்தத் தாள்தான் நிற்கும். தானாகவே வழுக்கி விழுந்தான், தானாகவே எழுதிக்கொடுத்தான், அவ்வளவுதான். இந்தக் கேஸ் விதி இருக்கிறதே, அதை நானே பட்டிமன்றத்தில் ஆதரித்துப் பேசியிருக்கிறேன். ‘குற்றப் பின்னணி உள்ள ஒருவன்கூடக் காக்கி அணியக் கூடாது’ என்று பேசிப் பரிசு வாங்கினேன். விதி நல்ல விதிதான். கேஸ் எழுதுகிற பேனா யாரிடம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு ரைட்டர் போன பிறகு பெரிய சண்டை.

“கையெழுத்துப் போடு” என்றேன்.

“மாட்டேன்.”

“உன் கைய ஒடச்சவங்ககூடப் போயி நீ சேரணுமா? வெக்கமா இல்ல?”

“நல்லவங்க போலீஸ்ல சேரணும்னு நீதான மேடையில பேசுத?”

“இப்படி வாயப் பொத்திட்டுப் போய்ச் சேர்றவன் நல்லவனா எப்படி இருப்பான்? நாளைக்கு உன் முன்னாடி ஒருத்தன அடிச்சாலும் ‘நல்லாருக்கு சார்’னுதான நிப்ப?”

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்மா, “போதும்டி, போதும்டி” என்று என் வாயைப் பொத்த வந்தாள். பதில் இல்லை என்றால் வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்? புளியமரத்துக் கயிற்றை அன்றைக்கு அவன் அவிழ்த்துக் கொண்டுவந்து பரணில் போட்டுவிட்டான். பிறகு ஒரு வாரம் கழித்து மறுபடி கட்டினான். இப்போதும் தினமும் போகிறான். நான் பார்க்கப் போவதில்லை. அம்மா சொல்கிறாள், நாலு மீட்டர் வரை வந்துவிட்டானாம், வலது கையாலேயே பாதி ஏறுகிறானாம்.

பாருங்கள், ஏதோ சைரன் சத்தம். வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இருங்கள், முடித்துவிடுகிறேன்.

என் ஏழு கேள்விக்கும் வந்த முதல் பதில் ஒரே வரி. ‘தாங்கள் கோரிய விவரங்கள் இந்நிலையக் கோப்புகளில் இல்லை.’ மேல்முறையீடு போட்டேன். இரண்டாவது பதிலில் ஆறு கேள்விக்கு அதே வரி. ஏழாவதை மட்டும் வேறு அலுவலகத்துக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார்கள். தரை ஓடு, பாசி என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதனால் அது கட்டிடம் சம்பந்தப்பட்டதாம், போலீஸ் கட்டிடங்களைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்குப் போகுமாம். தட்டிக்கழிக்கிறார்கள் என்று அன்றைக்கு ஹாஸ்டலில் நான் அழுதேன்.

ஆனால் அக்கா, கட்டிடத்துக்காரர்களுக்கு இந்த மாவுக்கட்டு, வழுக்கல் சமாசாரம் எதுவும் தெரியாதே! அவர்கள் யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியதில்லையே! கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுதிவிட்டார்கள். நேற்று தபாலில் வந்தது. இதோ, வாசிக்கிறேன் கேளுங்கள்.

‘மேற்படி காவல் நிலையம் கடந்த ஒன்பது ஆண்டுகளாக வாடகைக் கட்டிடத்தில் இயங்கி வருகிறது. இக்கட்டிடத்தில் கழிவறை வசதி இல்லை. பணியிலுள்ள காவலர்கள் எதிர்ப்புறம் உள்ள பெட்ரோல் விற்பனை நிலையத்தின் கழிவறையைப் பயன்படுத்தி வருகின்றனர். புதிய கட்டிடத்துக்கான கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளது. எனவே, கழிவறையில் வழுக்காமலிருக்க எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் குறித்த வினா எழவில்லை.’

வினா எழவில்லை! அரசாங்க முத்திரையோடு! நேற்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. பேராசிரியைக்குப் போன் பண்ணினேன், கட்டுரையின் கடைசிப் பக்கத்தையே மாற்றி எழுதினேன். அண்ணன் ஒரு நண்பனுடைய கடையில் கையாள் வேலைக்குப் போயிருந்தான், அவனுக்குச் சொல்ல நேரமில்லை.

பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம்தான்.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போதுதான் சொன்னேன். அவன் மைதானத்துக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இடது கையால் முடிச்சு போட வராது, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வான். அவன் முன்னால் நின்று முழுவதையும் சத்தமாக வாசித்தேன், கடைசி வரியை இரண்டு தடவை. “இல்லாத கக்கூஸ்லண்ணே! இல்லாத கக்கூஸ்ல உன்னை வழுக்கி விழ வச்சிருக்காங்க! மாட்டிக்கிட்டாங்க! இனி நீ தைரியமாக் கையெழுத்துப் போடலாம்” என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். எனக்கு என்னவோ, அவன் துள்ளிக் குதிப்பான் என்று இருந்தது. அவன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள், அப்புறம் அந்தக் குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க? எத்தனை மாசம் அலைஞ்சு கண்டுபிடிச்சிருக்கேன்” என்று அவனிடம் கத்தினேன்.

பல்லில் இருந்த நுனியை விட்டுவிட்டு, தலை நிமிராமல் சொன்னான்:

“அங்க கக்கூஸ் இல்லன்னு எனக்குத் தெரியாதா, மதி? ரெண்டு நாளு நான் அங்கதான இருந்தேன். என்கிட்ட கேட்டிருக்கலாம்லா.”